பகுதி பதினான்கு, ஜெலுத்தோங்

விடிகாலை மூன்று மணிக்குச் சாலை பிளந்து
தண்ணீர் ஆளுயரம் எழுந்தபோது
எங்கள் இயந்திரம்
பகுதி பதினான்கில் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது.

கோப்பிக் கடை ஆ செங்தான் முதலில் அழைத்தார்.
நாற்காலிகள் மிதக்கின்றன,
உங்கள் கம்ப்யூட்டர் தூங்குகிறதா என்றார்
பாதி மலாயில், மீதி ஹொக்கியனில்.
தூங்கவில்லை, ஆ செங்.
கண் கொட்டாமல் விழித்திருந்து
நாங்கள் சொல்லிக்கொடுத்ததை நம்பிக்கொண்டிருந்தது.

காலையில் கூட்டம்.
கோலாலம்பூரிலிருந்து பறந்து வந்த ஹாசிக்
திரையில் ஒரு கோட்டைக் காட்டினார்.
பதினோரு வருடத் தண்ணீர்.
மேடில்லை, பள்ளமில்லை,
இஸ்திரி போட்ட சட்டைக் கை மாதிரி.
சுத்தமான தரவு, இதில் தவறிருக்க வாய்ப்பில்லை என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஜெலுத்தோங்கில் எதுதான் அவ்வளவு நேர்?
சீனப் பெருநாளுக்கு முந்தைய வாரம்
தெரு முழுக்க வீடு கழுவும்.
நோன்புப் பெருநாளுக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போக
குழாய்கள் மூடிக் கிடக்கும்.
தீபாவளி விடியலில் எண்ணெய்த் தலைகள்
குளியலறை வாசலில் வரிசை பிடிக்கும்.
அந்தக் கோட்டில்
ஒரு பண்டிகை இல்லை.
ஒரு வறட்சி இல்லை.
யாரும் பிறக்கவில்லை, யாரும் வீடு மாறவில்லை.

மீட்டர் படித்த தணிகைநாதன்
இப்போது பட்டர்வொர்த்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார்.
சிவப்பு விளக்கில் நின்றபடி பேசினார்:
"மீட்டர் குழி டயர்க் கடைக்குப் பின்னாடி, மேடம்.
கறுப்பு நாய் ஒண்ணு. சங்கிலியே கிடையாது.
ரெண்டு தடவ கடிச்சிருச்சி.
அப்புறம் வாசல்லயே நின்னு
போன வாரத்தோட நூத்தி இருபது கூட்டி எழுதிருவேன்.
யாருக்கு நஷ்டம்?"
பச்சை விழுந்திருக்க வேண்டும். வைத்துவிட்டார்.

பழைய பதிவுகளைத் திறந்தேன்.
அவர் விடுப்பில் போன வாரங்களிலும்
நூற்றிருபது கூடியிருந்தது.
பதிவு செய்தவர்: 0417.

0417 நான்தான்.

படிவம் வெற்றுக் கட்டத்தை ஏற்காது.
சிவப்பாகக் கத்தும், சேமிக்க விடாது.
"தெரியவில்லை" என்று எழுத இடமில்லை.
வெள்ளிக்கிழமை, மணி ஐந்தே கால்,
பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன் வீடு சேர வேண்டும்.
கூட்டினேன். சேமித்தேன். பையை எடுத்தேன்.
எத்தனை வெள்ளிக்கிழமைகள்!

தணிகைநாதன் வேலையை விட்ட பிறகோ
இயந்திரமே எண்ணைக் கணித்து
அந்தக் கணிப்பையே பதிவாக எழுதி
அடுத்த வாரம் அதையே படித்துத் தேர்ந்தது.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.
தன் வினாத்தாளைத் தானே எழுதி
தானே திருத்திய பிள்ளை.

கூட்டத்தில் கையை உயர்த்தினேன்.
சொன்னேன்.
யாரும் என்னைத் திட்டவில்லை; அது இன்னும் கஷ்டம்.
இன்னும் எத்தனை பகுதிகள் இப்படி என்றார் ஹாசிக்.
தெரியவில்லை என்றேன்.
அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சாயங்காலம்
டார்ச்சும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டுமாக
டயர்க் கடைக்குப் பின்னால் போனோம்.
குழி மூடி துருவேறி ஒட்டியிருந்தது,
கடப்பாரை போட்டுத்தான் பெயர்த்தோம்.
உள்ளே சேறு, ஒரு நண்டு,
கண்ணாடிக்குள் சுழன்றுகொண்டிருந்த
உண்மையான எண்.
உரக்கப் படித்தேன். குரல் நடுங்கியது.

நாய் எங்கே என்று கேட்டேன்.
அது செத்து நாலு வருடமாகிறது என்றான் டயர்க் கடைப் பையன்,
பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு.

நாலு வருடம்.
இயந்திரம் மட்டும்
வாசலிலேயே நின்றிருக்கிறது,
நாய் என்றால் என்னவென்றே தெரியாமல்
அதற்குப் பயந்துகொண்டு.